சனிக்கிழமை காலையில் போட்ட ஏழு டிக்

சுண்டெலி,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். அடுத்த வரியில் உன் சௌக்கியத்தைக் கேட்க வேண்டும், கடிதம் என்றால் அப்படித்தான் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டு எழுதினேன். பிறகு நானே அடித்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் என்ன சௌக்கியம். செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு இவளுக்கு என்ன வந்தது என்று நீ கேட்பாய். நேற்று ஒரு கேவலம் நடந்துவிட்டது. பார்த்தவர்கள் அறுபது பேர், அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவள் நீ ஒருத்திதான். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ போய்க்கொண்டிருந்த அதே குழந்தைகள் உதவி மையம்தான், நூலகத்துக்குப் பின்னால். நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நான் வாசலில் நின்று, "பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டி என்ன ஆகப்போகுது, அதுக்கு சினிமாவுக்கே கூட்டிட்டுப் போலாம்" என்று சிரிப்பேனே, இப்போது சனிக்கிழமை தவறாமல் நானே போகிறேன். உன் வீட்டுக்காரர் லாரியோடு போனால் இருபது நாள் கழித்துத்தான் வருகிறார், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. டீச்சர் அதே டீச்சர். கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேசை முழுக்கக் கண்ணாடி தேடுகிறவர். முதல் நாளே என்னை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை பிஸ்கட் படம் ஒட்டிய அட்டையை எடுத்து என் கையில் வைத்தால் நான் பிஸ்கட் கொடுக்க வேண்டும். பூனை அட்டையை வைத்தால் பூனை இருக்கிற பக்கம் கை காட்ட வேண்டும். வைத்த அட்டைக்குப் பதில் இல்லாமல் மட்டும் விடவே கூடாதாம், விட்டால் அட்டை மேலேயே பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடுமாம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது நிமிடம். செய்து முடித்ததும் நோட்டில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக். பக்கத்தில் எப்படிச் செய்தாள் என்று ஒரு வரி.

லாண்டரியில் காலையிலிருந்து நின்றுகொண்டே போர்வை மடிக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இருப்பதில்லை. மையத்தில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள், பெற்றவர்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் பத்து ஆலோசனை. பத்தாவது, 'பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் ஓய்வு எடுக்க வேண்டும்.' அந்தப் பத்தாவதை மட்டும் ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்தேன். பயிற்சி நேரம் பார்க்க என்று, மணி அடிக்கிற ஒரு சின்னக் கடிகாரத்தை இரவல் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதை இருபது நிமிடத்துக்கு வைத்துவிட்டு, டிவியைப் போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தூங்கினேன். அரசாங்கச் சொத்தை வீணாக்கவில்லை, மணி அடித்ததும் ஒழுங்காக எழுந்தேன்.

நோட்டு? சனிக்கிழமை காலையில் கிளம்புவதற்கு முன் ஒரே மூச்சில் ஏழு டிக். சந்தேகம் வரக் கூடாதே என்று நீலம் மூன்று, கறுப்பு நாலு. இதிலெல்லாம் எனக்கு மூளை வேலை செய்கிறது பார். பக்கத்தில் எழுதுகிற வரிதான் கஷ்டம். திங்கள், 'ஆர்வமாகச் செய்தாள்.' செவ்வாய், 'மிகவும் ஆர்வமாகச் செய்தாள்.' புதன், 'நேற்றைவிட ஆர்வமாகச் செய்தாள்.' ஒரு புதன்கிழமை அவள் காய்ச்சலில் கண்ணே திறக்கவில்லை, அன்றும் நேற்றைவிட ஆர்வம்தான்.

இப்படி நாலு மாதம். போன வாரம் டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை புதுக் குடும்பங்கள் எல்லாம் வர்றாங்க. நீங்கதான் அவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணும்" என்றார். நான், "எனக்குப் பேச வராதுங்க டீச்சர்" என்றேன். "பேச வேண்டாம், உங்க நோட்டு பேசும்" என்று சொல்லிவிட்டார். அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, வீட்டுக்கு வந்து எந்தப் புடவை கட்டலாம் என்று பார்த்தேன்.

நேற்றுக் கூடம் நிறைய ஆள். நடக்க முடியாத பிள்ளைகள், காது கேட்காத பிள்ளைகள், மடியில் இருக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைகள், அவர்களைப் பிடித்துக்கொண்டு தூங்காத கண்ணோடு அம்மா அப்பாக்கள். டீச்சர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, தங்கச்சி போன துக்கத்துலயும் ஒரு நாள் விடல" என்றார். முன்வரிசையில், போன மாதம் சேர்ந்த ஒரு தையல்காரம்மா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். டீச்சர் உன் மகளைக் கூப்பிட்டு, அட்டை ஒட்டுகிற பலகை முன்னால் நிற்கவைத்து, "சாயங்காலம் வீட்ல என்ன நடக்கும், மாமா அத்தை எல்லாருக்கும் காட்டுடா கண்ணு" என்றார். அதுவரை அவள் அங்கே ஒரு தடவைக்கு ஒரு அட்டைக்கு மேல் எடுத்ததில்லை. நேற்று அட்டைப் பையைப் பிரித்து நிதானமாகத் தேடினாள். முதலில் என் படத்தை ஒட்டினாள். அதன் பக்கத்தில் தூக்கம். அதன் பக்கத்தில் டிவி. ஒட்டிவிட்டு, கோணலாக இருந்த டிவியை நேராக்கினாள்.

டீச்சருக்கு எதுவும் உறைக்கவில்லை, சந்தோஷத்தில் குதித்தார். "மூணு அட்டை! தானாவே மூணு அட்டை சேர்த்துட்டா!" எல்லாரும் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு பஸ் டிரைவர், "எங்க வீட்லயும் இதே கதைதாங்க" என்றார், ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், தப்பித்தேன் என்று. அவள் இன்னும் முடிக்கவில்லை. டீச்சர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள், நோட்டை விரித்தாள், காலிப் பக்கத்தில் வரிசையாக ஏழு டிக் போட்டாள். நான் போடுகிற மாதிரியே, வால் நீட்டி. பிறகு பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

சுண்டெலி, தையல்காரம்மா தன் நோட்டை மெதுவாகப் பைக்குள் தள்ளியதைப் பார்த்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் கண்ணாடி தேடினார். நான் எழுந்து, "அவ சொல்றது நிஜம். டிக் மட்டுந்தான் போட்டேன். வேற ஒண்ணும் பண்ணல" என்றேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு டீச்சர் வந்தார். "எனக்குக் கோபந்தாங்க, இல்லேன்னு சொல்லமாட்டேன். உங்க நோட்டைக் காட்டி எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"என்னைத் திட்டுங்க."

"திட்டறதுக்கு முன்னாடி இன்னிக்கு நடந்ததைப் பதியணும். என்னன்னு எழுத?"

"உள்ளதை எழுதுங்க டீச்சர்."

எழுதினார். 'தானாக மூன்று அட்டைகளைச் சேர்த்துப் பெரியம்மாமேல் புகார் சொன்னாள்.' எழுதிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தெருவில் யாராவது, "அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்று இவளைச் சொன்னால் சண்டைக்குப் போகிறவள் நான். அப்படிப்பட்ட நானே, இவளுக்கு என்ன தெரியும் என்றுதானே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அத்தனை டிக்கும் போட்டேன்? நாலு மாதமாக அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சொல்ல ஆள் கிடைத்ததும் சொல்லிவிட்டாள். வாய் கூசுகிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் எப்படி, பிள்ளை கெட்டிக்காரி.

இனிமேல் சோம்பல் கிடையாது. இன்றைய கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, ஆறு மணிக்கு உட்காரப் போகிறோம். அங்கே நம் பெரியவர்களைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அம்மாவிடம் மட்டும் இந்த டிக் விஷயத்தைச் சொல்லாதே, அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தவள்.

இப்படிக்கு,
உன் மகளிடம் மாட்டிக்கொண்ட
அக்கா

பின்குறிப்பு: எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். போர்வை, கால் வலி, சோம்பல் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அத்தனையும் பொய். சோம்பேறி என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், அதனால் கூடத்திலும் அதையே பிடித்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் நான் பயிற்சிக்கு ஒழுங்காக உட்கார்ந்தேன். அட்டைக் கட்டில் முதல் படம் நீ. பல் தெரியச் சிரித்துக்கொண்டு, நீயே வெட்டி நீயே ஒட்டியது. முதல் நாள் அவள் அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பிஸ்கட் கேட்கிற மாதிரியே என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். இரண்டாம் நாளும் அதே அட்டை. மூன்றாம் நாள் டிவியைப் போட்டேன். டீச்சரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இப்போது ஆறு மணி. பையைப் பிரித்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். உன் அட்டையை என் கையில் வைத்தாகிவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன். பதில் இல்லாமல் விடக் கூடாதாம். நான் எந்தப் பக்கம் கை காட்டட்டும், சுண்டெலி?