ஐந்து கிழமை ட்ரில் வகுப்பு

ஐம்பத்தொரு வயதில் எட்வேட் ராஜாவாவதென்று முடிவெடுத்தார்.

ஆசை பழையது. லண்டனுக்கு வருவதற்கு முன், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் உணவகக் கோப்பைகளைக் கழுவிய காலத்தில் பிடித்தது. அந்த ஊரில் கோடைக்குக் கோடை துவக்குச் சங்கத்தின் போட்டி நடக்கும். குறி தவறாமல் சுட்டவன்தான் அந்த வருடத்து ராஜா. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போட்டு, பேண்ட் வாத்தியம் முழங்க வீதிவலம் கொண்டுவருவார்கள். கையுறையில் சோப்பு நுரை வழிய, எட்வேட் உணவக வாசலில் நின்று பார்ப்பார். ஒரு வருடம் தபால்காரன் ராஜா. மறு வருடம் பல் வைத்தியன். கோப்பை கழுவுகிறவனுக்கு மட்டும் கழுத்து இல்லையா?

2009 செப்டெம்பரில், லண்டன் மோர்டனில் காற்றுத் துவக்குச் சங்கம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். காற்றழுத்தத்தில் ஈயக்குண்டைத் தள்ளுகிற துவக்கு. பத்து மீற்றர் தூரத்தில் காகிதக் குறி. சேர்ந்து ஆறாவது சனிக்கிழமை புதியவர்களுக்கான கோப்பைப் போட்டி. எட்வேட் உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் கைத்துவக்கு ஒன்றை வாங்கினார். ஐந்நூறு குண்டு சுட்டால்தான் விசை இளகும், அரசாங்க அனுமதி தேவையில்லை என்றான் கடைக்காரன்.

அரசாங்கத்தை யார் நினைத்தார்கள்? டொலறஸ் அல்லவா அனுமதிக்கவேண்டும்!

டொலறஸ் அவருடைய மனைவி. மகன் சிறுவனாக இருந்தபோது பிறந்தநாளுக்கு வந்த தண்ணீர்த் துவக்கைக்கூட, "ஊரில சண்டையில பாத்தது காணும்" என்று குப்பைவாளியில் போட்டவள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் துவக்கு என்ற சொல்லே செருப்பைக் கழற்றிவிட்டு வெளியில்தான் நிற்கும்.

எட்வேட் மூளையைப் பாவித்தார். பக்கத்து வீட்டு நிர்மலன் கட்டட வேலை செய்கிறவன். சுவரில் துளை போடுகிற அவனுடைய பழைய ட்ரில் செத்துப்போய் வெறும் பெட்டி கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். கைத்துவக்கு அதற்குள் அளவெடுத்துச் செய்ததுபோல் படுத்துக்கொண்டது. கடை ரசீதை மூடியிலிருந்த பைக்குள் செருகினார். வீட்டில் டொலறஸ் திறக்காத டப்பா கிடையாது. ஆனால் வேலைச் சாமான் பெட்டியைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

முதல் சனிக்கிழமை வாசலில் மறித்தாள்.

"உது என்ன பெட்டி?"

"ட்ரில்."

"ட்ரில்லோ! நீங்களோ!"

அகப்பையோடு கிட்ட வந்தாள். கோலியர்ஸ் வுட்டில் அந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடம். எட்டு வருடமும் முன்னறைத் திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் ஆணியிலும் மறுபக்கம் நைலோன் கயிற்றிலும் தொங்கியது. கேட்கும்போதெல்லாம் எட்வேட் சொன்ன பதில், ட்ரில் இல்லை என்பதுதான்.

"அப்ப இண்டைக்கே கம்பியைப் பூட்டுங்கோவன்."

"ஏலாது. புதுசெல்லோ. முதல்ல பழக்கவேணும்."

"ட்ரில்லையோ?"

"பின்ன? உள்ளுக்கு ஸ்பிரிங் எல்லாம் இறுக்கமா இருக்கும். ஐந்நூறு தரம் இயக்கினாத்தான் இளகும். அதுக்குக் கவுன்சில் வகுப்பு வைக்குது. ஐஞ்சு சனிக்கிழமை. ஆறாவது சனி சோதினை."

"வயர் இல்லையோ?"

"பற்றறி."

"சார்ஜ் போடவேண்டாமோ?"

"அதெல்லாம் வகுப்பில போடுவினம். நீர் கறியைப் பாரும், அடிப்பிடிக்குது."

டொலறஸ் கறியைப் பார்க்கப் போனாள். எட்வேட் படியிறங்கும்போது, பொய் சொல்வதில் தனக்கு இவ்வளவு திறமை இருந்தும் இத்தனை நாள் வீணாக்கிவிட்டோமே என்று வருந்தினார்.

சங்கத்துக்குப் பொறுப்பு ரெஜ் என்ற கிழவர். "ஐந்நூறு குண்டு போகும்வரை துவக்கைக் குறை சொல்லாதே. அதுவரை நானும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்" என்றார். அன்று நூறு குண்டில் பதினொன்று காகிதத்தில் பட்டது. அதிலும் இரண்டு, பக்கத்து ஆளின் காகிதத்தில். விசை கல்லாய் இருந்தது. ரெஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

மூன்றாவது சனிக்கிழமை விசை இளகிற்று. நான்காவதில் வெண்ணெயாயிற்று. குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று போய் விழுந்தன. ரெஜ் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு புருவத்தை உயர்த்தினார். அவர் அப்படி உயர்த்துவது அபூர்வம் என்று பக்கத்து ஆள் சொன்னான். எட்வேட்டின் காதில் பேண்ட் வாத்தியம் கேட்கத் தொடங்கியது.

"என்ன படிப்பிச்சவங்கள்?" என்று அன்றைக்கு டொலறஸ் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"மூச்சை அடக்கவேணும். தோளை அசைக்கக்கூடாது. விரலை மெள்ள மெள்ள இழுக்கவேணும்."

"துளை போடவோ?"

"எல்லாரும் போடலாம் துளை. நினைச்ச இடத்தில போடவேணும்."

"அதுவும் சரிதான்," என்று டொலறஸ் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அவர் கேட்காமல் அவள் மீன் வைப்பது வழக்கம் இல்லை. எட்வேட் அதைக் கவனித்திருக்கலாம். மீன் ருசியாக இருந்தது.

ஆறாவது சனிக்கிழமை விடிந்தது. எட்வேட் சேர்ட்டை ஸ்திரிபோட்டு உடுத்தினார். டொலறஸ் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். பெட்டி வழக்கத்தைவிடக் கனத்தது. போட்டி நாளில் எதுவும் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கத்தில் பதினான்கு பேர். எட்வேட்டின் முறை வந்தது. மேசையில் பெட்டியை வைத்து, இரண்டு கொளுக்கிகளையும் ஒரே சமயத்தில் தட்டித் திறந்தார்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு ட்ரில் இருந்தது. பக்கத்தில் துளையூசிகள் வரிசையாகக் கிடந்தன. ரசீது இருந்த இடத்தில் டொலறஸின் குண்டு எழுத்தில் ஒரு கடதாசி: முன்னறைக் கம்பி, குளியலறைக் கண்ணாடி, அந்தோனியார் படம் வைக்கிற தட்டு, மேல்மாடிக் கைபிடி...

ரெஜ் நீண்ட நேரம் பெட்டிக்குள் பார்த்தார்.

"போட்டியின் எடை விதிக்குள் இது அடங்காது," என்றார்.

வீட்டில் கம்பியும் திரைச்சீலையும் கழற்றித் தயாராகக் கிடந்தன. ஏணி விரித்திருந்தது.

"பாஸோ?" என்றாள் டொலறஸ்.

எட்வேட் வாயைத் திறந்தார். கைத்துவக்கு எங்கே என்று கேட்டால், கைத்துவக்கு இருந்தது என்றாகிவிடும். மூடினார். மறுபடி திறந்தார்.

"இதுக்குள்ள முந்தி இருந்த ட்ரில்..."

"ஐயோ, அதை ஏன் கேக்கிறியள்! கம்பியை நானே பூட்டி உங்களுக்குக் காட்டுவம் எண்டு நேற்றுப் பெட்டியைத் திறந்தனான். யேசுவே, பாத்தா ட்ரில் இல்லை. துவக்கு!"

"துவக்கோ?"

"ட்ரில் எண்டு சொல்லி உங்களுக்குத் துவக்கை வித்துப்போட்டான்! ரசீதைக் கொண்டு கடைக்கே போய் நல்லா ஏசினன். ஒரு அப்பாவி மனுசனை இப்பிடியோ ஏமாத்திறது எண்டு."

"அவன்... என்ன சொன்னவன்?"

"கண்ணில தண்ணி வரச் சிரிச்சவன். பிறகு விசையை இழுத்துப் பாத்திட்டு, நல்லாப் பழக்கியிருக்கு எண்டு கொஞ்சம் கூடக் குடுத்தே திருப்பி எடுத்தவன். அந்தக் காசிலதான் இது." டொலறஸ் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "இஞ்சாருங்கோ, ஐஞ்சு கிழமையா உங்களுக்குத் தெரியேல்லையோ?"

எட்வேட்டுக்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று பொய்யன். மற்றது மடையன். பொய்யனுக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததுதான்," என்றார்.

"அதுதானே பாத்தன். ஏறுங்கோ."

ஏறினார். சுவரில் அவள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். மூச்சை அடக்கினார். தோளை நிறுத்தினார். விரலை மெள்ள மெள்ள இழுத்தார். ட்ரில் உறுமிற்று. துளை புள்ளியின் நட்டநடுவில், மயிரிழை பிசகாமல் விழுந்தது. கம்பி எட்டு வருடத்துக்குப் பிறகு நேராக நின்றது. அவர் தன்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வகுப்பு நல்ல வகுப்புத்தான்," என்றாள் டொலறஸ். "கடதாசியில மிச்சமிருக்கிறதைப் பின்னேரம் பாப்பம். முதல்ல நிர்மலன் வீடு. பெட்டி தந்தது அவன்தானே. பாவம், வெறும் பெட்டிதான் தந்தனான் எண்டு எல்லாத்தையும் ஒளிக்காமல் சொல்லிப்போட்டான்."

அளவுநாடாவை எடுத்து அவருடைய கழுத்தில் போட்டாள். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கழுத்தில் நாடா மினுங்க, கையில் ட்ரில்லோடு, ராஜா வீதிவலம் புறப்பட்டார்.