அக்கா வறுத்த மீனைப் பற்றி நான் சொன்னது

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

ஆறு வருடமாகத் தாங்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் தங்கள் மீதுள்ள பயம் இம்மியும் குறையாத தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி, தையல் மிஷின் மூவரும் நலம். வாணலியின் நலம் பற்றிக் கீழே எழுதியுள்ளேன்.

என் மகளின் கல்யாணப் பேச்சன்று, தாங்கள் வறுத்து வந்த மீனைச் சம்பந்திகள் முன்னால் காட்டி, "எங்கக்கா வறுத்தா மீனா கரியான்னு தொட்டுப் பார்த்துதான் சொல்லணும்" என்று வாய்க்கொழுப்பில் சொன்னேன். "இனிமே உன் வீட்டுல கை நனைக்கமாட்டேன்" என்று தாங்கள் எழுந்து போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை மகளுடைய பையனுக்கு நாலு வயது. அவன் உங்களைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு என் கையால் மீன் வறுத்து உங்களை உட்காரவைத்துப் பரிமாறலாம் என்று நேற்று ஒத்திகை பார்த்தேன்.

மீன்காரர், "துண்டு போட்டுத் தரவாண்ணே?" என்றார். "நாப்பது வருஷமா வெட்டுறவன்யா நான்" என்று முழு மீனாகவே வாங்கிவிட்டேன். "துணியில முள்ளு கிடையாதுண்ணே" என்று அவர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முக்கால் இஞ்ச் கனம் என்று டேப் பிடித்து அளந்து, பழக்கதோஷத்தில் நீலச் சாக்கட்டியால் கோடும் போட்டுவிட்டேன். கத்தி நடுமுள்ளில் நின்றுகொண்டது. சுத்தியலால் ஒரு போடு போட்டதில் ஒரு துண்டு தலையணை கனம், அடுத்தது கைக்குட்டை கனம். நீலம் போகுமா என்று மனைவியைக் கேட்டால், "ரெண்டு தண்ணியில அலசுங்க, சாயம்தானே" என்கிறாள், இருந்த இடத்தை விட்டு எழாமல். அலசினேன், துடைக்கவில்லை. மிளகாயும் மஞ்சளும் தடவி எண்ணெயில் போட்டதும் அது வெடித்த வெடிப்பில், எட்ட நின்று தையல் அளவுகோலால் திருப்ப வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒருத்தர், "கல்யாணத்துக்குப் போகணும்ணே, ஒரே ஒரு பட்டன்" என்று வந்து நின்றார். ஒரே ஒரு பட்டன்தான் தைத்தேன் அக்கா, திரும்பி வந்தா வீடே தெரியல, அவ்வளவு புகை. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணியோட ஓடி வந்துட்டார். வாணலி அடிபிடிச்சுக் கரிக்கட்டையா கிடந்துச்சு.

அந்தப் புகையில நின்னப்போதான் கடைக்கு மேல நாம இருந்த ஒத்தை அறை ஞாபகம் வந்துச்சு. ஜன்னலோரம் உன் மிஷின், கதவோரம் அடுப்பு, நடுவுல நான், கையில தட்டு. மீன் வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும் ஒண்ணா இருக்கும். அப்பா அம்மா இல்லாத வீடுன்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்லை. அக்கா, மீன் வறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. உன் மீன் ஒருநாளும் கருகியதில்லை. பொன்னிறம்தான். நான் சொன்னது பச்சைப் பொய், மன்னித்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது வாழட்டும், என் வாய் மட்டும் அவர்களுக்கு வரவேண்டாம்.

இப்படிக்கு,
நாக்கு நீண்ட தம்பி

பி.கு.: மனைவி இதைப் படித்துவிட்டு, "இந்தப் பொய்யை நம்ப உங்கக்கா என்ன பச்சப்புள்ளையா?" என்கிறாள். சரி, உண்மையைச் சொல்கிறேன். உன் மீன் கருகத்தான் செய்யும். எப்போதும் கருகும். நீ அதை அடுப்பில் போட்டுவிட்டு, எனக்குச் சோறு போடுவதற்காக ஊரார் சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்கப் போய்விடுவாய். அது தெரிந்திருந்தும் நாலு பேர் முன்னால் சொன்னேன் பார், அதற்குத்தான் மன்னிப்பு. நேற்றுக் கருகிய துண்டுகளை ஒன்று விடாமல் நானே தின்றேன், அழுதுகொண்டேதான் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. மீனை மீன்காரரே வெட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார். நீ கருக்கினால் போதும்.