யாரும் சாகாத நாவல்

மின்னஞ்சலைத் தபாலைவிட மெதுவாகப் போக வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பினாங்கில், டத்தோ கிராமாட்டில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அரசாங்க ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து, கிராணிகளுக்கெல்லாம் தலைவராகி ஓய்வு பெற்றவர் என்பதால் பெரிய கிராணி என்றோம். அவரும் கடிதத்தின் அடியில் ‘பெ.கி.’ என்றே போட்டுக்கொண்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இன்டர்நெட் வந்த புதிது. புத்தகப் பைத்தியம் பிடித்த முப்பது பேர் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தோம். ஒருவர் எழுதினால் முப்பது பேருக்கும் போய்ச் சேரும். கணினியில் தமிழ் எழுத்து சரியாக வராததால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். யார் பெரிய எழுத்தாளர், யார் சும்மா பேர் வாங்கியவர், அடுத்து என்ன படிக்கலாம், இவ்வளவுதான் பேச்சு. குழுவைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கென்று ஒரு கணினி இருந்ததைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கில்லை.

பெரிய கிராணி செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு சைபர் கஃபேக்குப் போவார். வந்திருக்கும் மின்னஞ்சல் அத்தனையையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒவ்வொன்றின் தலையிலும் ‘பெறப்பட்டது’ என்று ரப்பர் முத்திரை குத்தி, எண் போட்டு, தட்டில் அடுக்குவார். பிறகு முதலில் வந்தது முதலில் என்ற வரிசைப்படி பதில் எழுதுவார். இரண்டாவது வந்த கடிதம், முதல் கடிதத்துக்குப் பதில் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு முறை ஒருவர், “நல்ல துப்பறியும் நாவல் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் பதில் போட்டார்கள். கேட்டவரும் படித்து முடித்து, துப்பறிவதில் அலுத்து, சமையல் புத்தகத்துக்கு மாறிவிட்டார். நாலு மாதம் கழித்துப் பெரிய கிராணியிடமிருந்து வந்தது: “தங்கள் கடிதம் கிடைத்தது. விஷயம் விசாரிக்கப்பட்டது. கீழ்க்கண்ட நாவல் சிபாரிசு செய்யப்படுகிறது. 143ஆம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் தேநீர் அருந்துவது குறித்து ஆசிரியரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது.” கேட்டவர் எனக்குப் போன் போட்டு, “யாருண்ணே இந்த ஆளு, போலீஸா?” என்றார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பட்டர்வொர்த் வாத்தியார் ஒருவரும் பல் டாக்டர் ஒருவரும் குழுவில் இரண்டு வாரம் கட்டிப் புரண்டார்கள். தொடர்கதை பெரிதா, சிறுகதை பெரிதா என்று ஆரம்பித்து, யாருக்குப் படிக்கவே தெரியாது என்பதில் வந்து நின்றது. நான் இருவரையும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து ராசியாக்கினேன். இரண்டு மாதம் அமைதி. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தச் சண்டையின் வசவுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிப் பெரிய கிராணி எழுதியிருந்தார். மறந்து போனவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அன்று மாலையே வாத்தியாரும் டாக்டரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். இந்த ஆளைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவது என்றுதான் போனேன். முன்னறையில் மேசை, மூன்று தட்டுகள், சுவரை மறைத்துக் கோப்புகள். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு கோப்பு. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், பேச்சிலும் அது அப்படியே இருந்தது.

“இரும் தம்பி. என்ன விசயம்?”

“அங்கிள், பதில் போடுறதா இருந்தா அன்னிக்கே போட்டுடுங்க. மூணு மாசம் நாலு மாசம்னு இழுக்காதீங்க லா.”

“வாசிக்காமல் எப்பிடிப் பதில் எழுதுறது? ஒரு புத்தகத்தை நல்லது எண்டு சொல்ல முதல் நான் திரும்ப ஒருக்கா முழுக்க வாசிக்க வேணுமெல்லோ.”

“எல்லாரும் அப்படியா செய்யறாங்க? கேள்விப்பட்டதைச் சொல்றாங்க, ஞாபகம் இருக்கறதைச் சொல்றாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “வாசிக்காமலே சிபாரிசு செய்யினமோ? நீரும் அப்பிடித்தானோ?”

நான் வாசலில் காய்ந்த துணியைப் பார்த்தேன். அவரைத் தூக்கும் எண்ணத்தை அன்று தள்ளி வைத்தேன்.

அடுத்த மாதம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஸ்டெல்லா அக்கா எழுதினார். ஃபேக்டரியில் சூப்பர்வைசர், குழுவில் அதிகம் பேசாதவர். அவருடைய அப்பா, பழைய லோரி டிரைவர், வயிற்றில் ஆப்பரேஷனுக்காக பட்டர்வொர்த் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். உடம்பு கொஞ்சம் தேறினால்தான் கத்தி வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷனோ சாப்பிட மாட்டேன் என்கிறார். போன வருடம் மனைவி போனதிலிருந்தே அப்படித்தான். கண்ணில் புரை, படிக்க முடியாது. மகள் கதை படித்துக் காட்டினால் மட்டும் கேட்டுக்கொண்டே நாலு வாய் கஞ்சி இறங்குகிறது. கதையில் யாராவது செத்தால் போச்சு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். “யாரும் சாகாத நாவல் ஒண்ணு சொல்லுங்க. அடுத்த திங்கட்கிழமைக்கு மறு திங்கட்கிழமை ஆப்பரேஷன்” என்று முடித்திருந்தார்.

ஒரு மணி நேரத்தில் இருபது சிபாரிசு குவிந்தது. முதல் ஆள் நான். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் நாவல் என்று ஒன்றைச் சொன்னேன். சிரிக்க வைக்கும் என்று யாரோ சொல்லிக் கேள்வி. நாற்பதாம் பக்கத்தில் கதாநாயகனின் அம்மா லோரியில் அடிபட்டுச் சாகிறாள் என்பதை ஸ்டெல்லா அக்காதான் எனக்குச் சொன்னார். போனில் அவர் திட்டவில்லை. “அப்பா ரெண்டு நாளா வாயத் தொறக்கல தம்பி” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனை வைத்த கையோடு பெரிய கிராணி வீட்டுக்கு ஓடினேன். ஸ்டெல்லா அக்காவின் கடிதம் தட்டில் நாற்பத்தாறாவதாக இருந்தது. அவர் கணக்குப்படி தீபாவளிக்குப் பதில் போகும்.

“அங்கிள், இதை முதல்ல எடுக்கணும்.”

“வரிசையை மீறச் சொல்லுறீரோ?”

“அந்தக் கிழவர் சாப்பிடல அங்கிள். நான் சொன்ன புத்தகத்தாலதான்.”

அவர் அந்தக் கடிதத்தைத் தட்டிலிருந்து எடுத்து இன்னொரு தரம் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஒரு சிவப்புத் துண்டுக் காகிதத்தை எடுத்து, ‘அவசரம்’ என்று எழுதி அந்தக் கடிதத்தில் குத்தினார். வேலையில் இருந்த முப்பத்துநான்கு வருடத்தையும் சேர்த்து அவர் அதைச் செய்தது மூன்றாவது முறையாம். முதல் இரண்டும் வெள்ளம் வந்தபோது.

அன்றிலிருந்து தினமும் சைபர் கஃபேக்குப் போனார். தினமும் அறிக்கை வந்தது. “நூல் ஒன்று: 88ஆம் பக்கத்தில் மாமனார் காலமானார். நிராகரிக்கப்படுகிறது.” “நூல் மூன்று: கல்யாணத்தில் முடிகிறது. ஆனால் மணமகனுக்கு இருமல் உள்ளது, தொடர்ந்து என்ன ஆகும் என்று சொல்வதற்கில்லை. நிராகரிக்கப்படுகிறது.” “நூல் ஐந்து: மனிதர் எவரும் இறக்கவில்லை. பசு ஒன்று இறக்கிறது. நோயாளி பசு வளர்த்தவரா என்று தெரிவிக்கவும்.” ஸ்டெல்லா அக்கா, “அப்பா ஆடுதான் வளர்த்தாரு” என்று எழுதினார். மறுநாள் பதில்: “ஆடும் மாடும் சமமாகக் கருதப்படும். நிராகரிக்கப்படுகிறது.”

இதைப் பார்த்து வாத்தியாரும் டாக்டரும்கூடச் சண்டையை நிறுத்திவிட்டு அலமாரியைக் குடைய ஆரம்பித்தார்கள். முப்பது பேரும் தங்கள் தங்கள் அபிமான நாவலை எடுத்துப் பிணம் தேடினோம். எங்கள் குழு அதுவரை புத்தகங்களைப் பற்றிப் பேசியது, அந்த ஒரு வாரம்தான் புத்தகங்களைப் படித்தது. படித்ததில் தெரிந்தது, தமிழில் யாரும் தப்புவதில்லை என்பதுதான்.

“எழுதுறவைக்கு ஆரையாவது சாகடிச்சால்தான் மனம் ஆறும் போல கிடக்கு” என்று பெரிய கிராணி என்னிடம் நொந்துகொண்டார். கண் சிவந்து வீங்கியிருந்தது.

ஆப்பரேஷனுக்கு முந்தைய சனிக்கிழமை என்னை வரச் சொன்னார். கையில் ஒரு தடித்த நாவல். குடும்பக் கதை, கலகலப்பானது, சாப்பாடு வேறு அத்தியாயத்துக்கு ஒரு தரம் வருகிறது. குறை ஒன்றுதான். பதினேழாம் அத்தியாயத்தில் பெரியப்பா ஏழு பக்கத்துக்குச் சாகிறார். அந்த ஏழு பக்கங்களையும் சேர்த்து நாலு ஓரத்திலும் ஸ்டேப்ளர் அடித்து, மேலே ‘இப்பக்கங்கள் மீது நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி ஒட்டியிருந்தார். அதற்குப் பதிலாக அவர் கைப்பட ஒரு தாள்: “இந்நிலையில் பெரியப்பா இடமாற்ற உத்தரவு பெற்று ஈப்போ சென்றார்.” அதற்குப் பிறகு வரும் இடத்திலெல்லாம் ‘காலஞ்சென்ற பெரியப்பா’ என்பதைப் பென்சிலால் அடித்து ‘ஈப்போவிலுள்ள பெரியப்பா’ என்று திருத்தியிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கிழவர் அதற்குப் பிறகு பல வருடம் ஆடு மேய்த்தார். இந்தக் கட்டுரையிலும் யாரும் சாகவில்லை, பயமில்லாமல் மேலே படிக்கலாம்.

அந்தச் சனிக்கிழமையே இருவரும் ஃபெரி ஏறி அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போனோம். பெரிய கிராணி டை கட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்து அன்றும் மறுநாளும் படித்தார். நாங்கள் இரண்டு நாளும் போனோம். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கஞ்சி மெல்ல இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை பதினேழாம் அத்தியாயம் வந்தது. ஸ்டெல்லா அக்கா குரல் நடுங்காமல், “பெரியப்பா இடமாற்ற உத்தரவு பெற்று ஈப்போ சென்றார்” என்று படித்தார்.

கிழவர் கண்ணைத் திறந்தார். “ஈப்போவுல அவருக்குச் சோறு யாரு போடுறது?”

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெரிய கிராணி எழுந்து நின்றார்.

“அங்கை மெஸ் இருக்கு ஐயா. நல்ல சமையல்காரன்.”

கிழவர் அவர் பக்கம் திரும்பினார். “எங்க வீட்டுக்காரியும் போன வருசம் மாத்தலாயிப் போனா. ஒரு கடுதாசி இல்ல. அவளும் அங்கதான் இருப்பா.”

நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். பெரிய கிராணி மட்டும் அசையவில்லை.

“ஓம் ஐயா. குவாட்டர்ஸ் குடுத்திருக்கினம். தண்ணி வசதி இருக்கு.”

“அப்ப சரி” என்றார் கிழவர். “ஸ்டெல்லா, அந்தக் கஞ்சியக் கொண்டா.” கிண்ணம் காலியாகும்வரை அவர் நிறுத்தவில்லை.

திரும்பும்போது ஃபெரியில் பெரிய கிராணி டையைத் தளர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுக்கடலில் ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, நான் ஈப்போவிலை வேலை பார்த்ததே இல்லை. மெஸ், குவாட்டர்ஸ், தண்ணி. மூண்டு விசயம் சொல்லிப்போட்டன். ஒண்டையும் சரிபார்க்கேல்லை. கோப்பிலை என்னெண்டு எழுதுறது?”

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். அந்த மெலிந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு அன்பு பொங்கி வந்தது.

“சரிபார்க்கப்பட்டதுன்னு எழுதுங்க அங்கிள். நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்.”

அவர் எழுதித் தாளை நீட்டினார். நான் போட்டேன். மனமறிந்து நான் போட்ட ஒரே பொய்க் கையெழுத்து அதுதான், அவர் இன்னொரு தரம் தாளை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் போடுவேன்.