தட்டாதே மாஸ்டர்

புவியீர்ப்பு விசையோடு ஜென்மப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் இந்தப் பூலோகத்தில் எங்கள் தட்டாதே மாஸ்டர்தான். கூடைப்பந்தைத் தரையில் தட்டித் தட்டித்தான் ஆடுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அறுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரியில் எங்கள் கல்லூரியில், பந்தைத் தட்டுவது மகா குற்றம். யாராவது கையைத் தாழ்த்தினால் போதும், எங்கிருந்தோ "தட்டாதே!" என்று ஒரு கர்ஜனை வரும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்கும். அது சம்பளம் போடும் கிளார்க்குக்கு மட்டுமே தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் மைதானம். மைதானமா அது! மாந்தோப்பை வெட்டிவிட்டுக் கூடை நட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வேர், ஒரு பக்கம் கருங்கல். தட்டிய பந்து எந்தத் திசையில் எழும்பும் என்று பிரம்மனுக்கே தெரியாது. ஒருநாள் எங்கள் கேப்டன் நசீர் தட்டிய பந்து கல்லில் பட்டு, மதிலைத் தாண்டி, பெங்களூர் ரோட்டில் போன மாங்காய் லாரிக்குள் விழுந்தது. கல்லூரிக்கு இருந்ததே அந்த ஒரு பந்துதான். மாஸ்டர் விசிலைக் கவ்விக்கொண்டு சைக்கிளில் பாய்ந்தார். சூளகிரியில் டிரைவர் டீ குடிக்க இறங்காமல் போயிருந்தால், மனிதர் எல்லை தாண்டி மைசூர் ராஜ்ஜியத்துக்குள்ளேயே மிதித்திருப்பார். சாயங்காலம் பந்தோடு வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே சட்டம் போட்டார்.

"இனிமே பந்து தரையப் பாக்கக் கூடாதுடா. கையி, கையி, கூடை. அவ்ளோதான்!"

"கூடையில போட்டா கீழதானே சார் விழும்?" என்றான் நசீர்.

"விழறதுக்குள்ள போய்ப் புடி! நீ எதுக்குடா இருக்க?"

அன்று முதல் கூடைக்கு அடியில் பந்தை ஏந்திக்கொள்வது பாகலூர் வெங்கடப்பாவின் வேலை ஆயிற்று. பந்தைத் தவறவிட்டவன் அதனிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் அவனவன் வீட்டுப் பாஷையில். நசீர் உருதுவில் கெஞ்சுவான், வெங்கடப்பா தெலுங்கில் அழுவான், நான் தமிழில் குழைவேன். மாஸ்டர் பந்தைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ஒத்துக்கல. இன்னொரு வாட்டி கேளு" என்பார். பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

பிரின்ஸ்பாலுக்குப் பொறுக்கவில்லை. பெங்களூரில் ஒரு பெரிய போட்டிக்கு அழைப்பு வந்த அன்று மாஸ்டரை எங்கள் முன்னாலேயே நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏன் மாஸ்டர், நீங்க வாலிபால்காரராமே? அதான் பசங்க இப்படி ஆடறாங்களா? இந்த வாட்டி கப்பு வரலேன்னா அந்த மைதானத்துல சைக்கிள் ஸ்டாண்டுதான். டோக்கன் குடுக்க ஆள் வேணும், உங்களையே போட்டுடறேன்."

எங்கள் மாஸ்டர் டோக்கன் கிழிப்பதா!

எப்படியோ முட்டி மோதி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். ஃபைனல் மட்டும் சிமெண்ட் மைதானத்தில். எங்களில் ஒருவனும் சிமெண்டில் ஆடியதில்லை. எதிரே பெங்களூர்க் கல்லூரிப் பையன்கள், வெள்ளை வெளேர் கேன்வாஸ் ஷூவில். விசில் ஊதியதும் நசீருக்குப் புத்தி பேதலித்தது. ஆசைக்கு ஒரு தட்டுத் தட்டினான். பந்து சமர்த்தாகக் கைக்கே திரும்பி வந்தது. "டேய், வருதுடா!" என்று கூவினான். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்தோம். நாங்கள் தட்டி ரசித்துக்கொண்டிருக்க, அவர்கள் பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள். பாதி ஆட்டத்தில் எங்கள் மானம் கப்பலேறிவிட்டது.

இடைவேளையில் திட்டு விழும் என்று தலையைத் தொங்கப் போட்டு நின்றோம். மாஸ்டர் குனிந்து அந்தச் சிமெண்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்குது" என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆனா சிமெண்ட்டு அவங்களுது. காத்த யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கல. மேலயே ஆடுங்கடா!"

ஆடினோம் ஐயா, ஆடினோம்! கை, கை, கை, கூடை. பந்து எங்கே என்று தேடித் தேடி பெங்களூர்ப் பையன்களுக்குக் கழுத்துச் சுளுக்கியது. "ஏன்ரீ இது, பால் கெளகே பீளல்வல்லா!" என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார், பந்து கீழேயே விழவில்லையே என்று அவருக்கு ஆச்சரியம். இரண்டு பக்கமும் புள்ளி சமமாக நிற்க, கடைசி நொடியில் நசீர் எறிந்தது வலைக்குள் இறங்கியது. ஜெயித்துவிட்டோம்! எல்லோரும் குதிக்கிறோம். வெங்கடப்பா மட்டும் குப்புறப் பாய்ந்து அந்தப் பந்தை ஏந்திக்கொண்டு கிடந்தான், முழங்கை இரண்டும் தோல் உரிந்து.

சைக்கிள் ஸ்டாண்ட் பேச்சு அன்றோடு செத்தது. கோப்பையை அதே பிரின்ஸ்பால் மேளம் அடித்து ஊர்வலமாகக் கொண்டுபோனார். அதன் பிறகு மாஸ்டர் ஆண்டாண்டு காலம் கோப்பைகளாக வாங்கிக் குவித்தார். அலமாரி நிறைந்து, பிரின்ஸ்பால் மேஜைக்கு அடியிலெல்லாம் கோப்பை.

அவர் ஓய்வு பெற்ற அன்றுதான் கல்லூரியில் சிமெண்ட் மைதானம் திறந்தார்கள். மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு நான் போனேன். மாங்காய் மண்டி முதலாளி நசீரும், தொந்தி வைத்த வெங்கடப்பாவும் வந்திருந்தார்கள். முதல் பந்து மாஸ்டர் கையில். அவர் தரையைப் பார்த்தார். மெல்லக் கையைத் தாழ்த்தினார்.

"தட்டாதே!" என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

மனிதர் வெடவெடத்துப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் முட்ட.

"டேய், ஒரே ஒரு வாட்டிடா" என்று எங்களிடம் கெஞ்சினார்.

சரி என்றோம். தட்டினார். பந்து அழகாக எழும்பி, அவர் கைக்குத் தப்பி, மறுபடியும் இறங்கியது. மூட்டுவலியோடு மூன்று அரைக் கிழவர்கள் ஒன்றாகப் பாய்ந்து அதைப் பிடித்தோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் கீழே விழ விட எங்களுக்கு மனசு வரவில்லை.