உம்மிடம் மிஞ்சியிருக்கும் சிறுநீரகம் பற்றி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிறு மாலை.

அன்பு மச்சான் பிரகலாதனுக்கு அத்தான் சிவகுருநாதன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், உமது அக்கா சுலோஜனாவும், இரண்டு வருடத்துக்கு முன்னர் நீர் எனக்குத் தந்த சிறுநீரகமும் ஆக மூவரும் நலம். அங்கே உம்மிடம் மிஞ்சியிருக்கும் மற்றச் சிறுநீரகத்தின் நலமறியவே இக்கடிதம்.

அடுத்த தெருவில் இருக்கும் மச்சானுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் திருகோணமலையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்வது? போன் எடுத்தால் நீர் மறுமொழி சொல்வதில்லை. வியாழக்கிழமையிலிருந்து என் இலக்கத்தையே அடைத்துவிட்டீராம், உமது பஸ் கொண்டக்டர் முனீப் சொன்னான். நேரே வீட்டுக்கு வந்தால் பின்பக்கக் குசினிக் கதவால் இறங்கிப் போய்விடுகிறீர். அதனால் எழுத்தில் தருகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்தாலும் பரவாயில்லை, வாசிக்காமல் கிழிக்க வேண்டாம்.

நான் துறைமுகக் களஞ்சியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உமக்குத் தெரியும். ஒரு சாமான் உள்ளே வந்தால், அதன் சோடி எங்கே கிடக்கிறது, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாராமல் எனக்கு நித்திரை வராது. அதிலும் இந்தச் சாமானைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு உமக்கே தெரியாது. நல்ல சாதிச் சிறுநீரகம். தண்ணீர் கொடுத்தால் முறைப்பாடில்லாமல் வேலை செய்யும், உப்பைக் கூட்டினால் முகத்தைத் தூக்கும். அதன் கூடப்பிறந்ததை நீர் என்ன பாடு படுத்துகிறீர் என்று போன மாதம்தான் முனீப் சொன்னான்.

"ஐயா, ஒங்கட மச்சான் காலையில ட்றைவர் சீட்டில ஏறினா பகலாகும் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாரு. கிண்ணியாவில ஒரு சோடா, இடுப்பு நாரி நோவுக்கு ரெண்டு குளிசை, அவ்வளவுதான்" என்றான் அவன். சோடாவோடு நோக்குளிசை, அதுவும் டொக்டரைக் கேளாமல், அதுவும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு. மத்தியானத்துக்கு அவித்த முட்டையும் கருவாட்டுக் குழம்பும் என்றும் சொன்னான். நான் அன்று பின்னேரமே உம்மைப் பிடித்துக் கேட்டேன். "தண்ணி குடிச்சா இடையில பஸ்ஸை நிப்பாட்ட வேணும் அத்தான். நிப்பாட்டினா பின்னால வாறவன் என்ர சனத்தை ஏத்திக்கொண்டு போயிடுவான்" என்று மறுமொழி சொன்னீர். பயணிகளை விடாமல் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சிறுநீரைப் பிடித்துவைத்திருக்கும் மனிதனிடம் நான் என்னத்தைக் கதைக்கிறது? அதனால்தான் பெரிய போத்தல் ஒன்று வாங்கித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, உமது பஸ்ஸில் ஏறி, மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியிருந்த முன் இருக்கையில் அமர்ந்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் மூடியைத் திறந்து நீட்டினேன். சனத்துக்கு முன்னால் வயதுபோன மனிதனை மறுக்க ஏலாமல் நீரும் குடித்தீர். அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

சீனன்குடாவில் வந்தது வினை. ஒரு பக்கம் விமானப்படையின் வேலி, மறுபக்கமும் வேலி, நிறுத்தக்கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை. அந்த இடத்தில்தான் உமக்குத் தாங்க ஏலாமல் போனது. நீர் பஸ்ஸை ஓரங்கட்டி இறங்கி ஓட, காவலுக்கு நின்ற பொடியன் துவக்கோடு ஓடி வந்தான். நான் பின்னால் இறங்கி வந்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இவருக்கு ஒன்றுதான் இருக்கிறது, மற்றது எனக்குள்ளே இருக்கிறது" என்றேன். அதைக் கேட்டதும் அவன் துவக்கை என் பக்கம் திருப்பினான். கடைசியில் நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்ட வேண்டியதாயிற்று. நீரும் காலை ஒடுக்கிக்கொண்டு நின்றபடியே உமது தழும்பைக் காட்டினீர். நல்ல பிள்ளை அவன். இரண்டையும் பார்த்து மனம் இளகி உம்மை உள்ளே மலசலகூடத்துக்குக் கூட்டிப் போனான். ஆனால் துவக்கைத் தோளில் கொழுவியபடி போனதால், பஸ்ஸில் இருந்த சனம் ட்றைவரைப் பிடித்துவிட்டார்கள் என்று இறங்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டது. அதில் ஒருவர் யாருக்கோ போன் அடிக்க, அவர் வேறொருவருக்கு அடிக்க, நீர் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்னமே உமது அக்கா வீட்டில் போட்டிருந்த சட்டையோடு பஸ் நிலையத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

வியாழக்கிழமைச் சம்பவத்துக்கும் முழுப் பொறுப்பு என்னுடையதல்ல. கிண்ணியாவிலிருந்து தினமும் உமது பஸ்ஸில் வரும் றஹ்மா ராத்தா, உமது கதையைக் கேள்விப்பட்டு, சிறுநீரகத்தைக் கழுவிவிடும் என்று நட்சத்திரம் போலிருக்கும் காமரங்காயைச் சாறு பிழிந்து கொண்டுவந்தா. மனம் நல்ல மனம்தான். ஆனால் அது பழுதான சிறுநீரகத்துக்கு நஞ்சு, அந்தக் காயைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று கிளினிக்கில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நீர் அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதைக் கண்டதும் நான் பறித்து யன்னலால் ஊற்றினேன். யன்னலுக்கு வெளியே போக்குவரத்துப் பொலிஸ்காரர் நின்றதை நான் காணவில்லை. தண்டப் பத்திரம் உமது பெயரில் எழுதப்பட்டது வருத்தமான விஷயம்தான்.

அன்றைக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டு நீர் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அத்தான், ஒண்டு தந்தனான்தானே. மற்றதையாவது எனக்கு விடுங்கோ" என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனீர்.

மச்சான், மற்றதை உமக்கு விடத்தான் நான் இந்தப் பாடு படுகிறேன். நீர் போகத் திரும்பியபோது உமது செருப்பு வாரைப் பார்த்தேன். வார் காலுக்குள் புதைந்து கிடந்தது. முன்னர் எனக்கு இருந்த வீக்கம் அது, பார்த்தவுடன் தெரியும். நாள் முழுக்க இருந்து ஓட்டுகிற எல்லாருக்கும் வருவதுதான் என்று நீர் சொல்வீர். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் கும்பிடுகிறேன். ஆனால் சோதனைக்கு இரத்தமும் சலமும் கொடுத்து, பிரஷரும் பார்த்தால்தானே தெரியும். வருடம் ஒருமுறை வரச் சொல்லியும் நீர் ஒருமுறைகூடப் போகவில்லை. ஒரு நாள் ஓட்டம் போய்விடும் என்கிறீர். உமக்கு ஓட்டம் போகும் பயமில்லை, என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் தெரியும். உமக்கு ஒன்று வந்தால் நான் வாங்கினதைத் திருப்பித் தர ஏலாது, மச்சான். ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கும்போதும் எனக்கு அதுதான் நினைப்பு. வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போம். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் உமது பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று எழுதித் தருகிறேன்.

கோணேசப் பெருமான் அருளால் உமது பிரஷர் இறங்கி, வீக்கம் வற்றி, சிறுநீர் தாராளமாகப் பிரிந்து, பின்னால் வருகிற பஸ் எந்நாளும் பின்னாலேயே வர வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உமது அத்தான்,
சி. சிவகுருநாதன்.

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறன். கவரை ஒட்டச் சொல்லி அத்தான் தந்தவர். வாசிக்காமல் ஒட்ட எனக்கென்ன விசரா? இவர் இவ்வளவு புத்தி சொல்லியிருக்கிறாரே, போன மாதம் இவருக்கு கிளினிக் திகதி. "போனனான், எல்லாம் நல்லம்" எண்டவர். நேற்று அங்கயிருந்து போன் வந்தது, ஐயா ஏன் வரேல்லை எண்டு. கேட்டால், அண்டைக்கு உன்ர பஸ்ஸில தண்ணிப் போத்தலோட இருந்தவராம். சனக்கூட்டத்துக்குள்ள போகவே வேண்டாம் எண்டு டொக்டர் சொன்ன மனிசன், மாஸ்க்கை நாடிக்குக் கீழ விட்டுட்டு கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் நாள் முழுக்க ஓடியிருக்கிறார். உனக்குப் பயம், இவருக்கும் பயம். ஆளை ஆள் காட்டிக்கொண்டு ரெண்டு பேரும் ஒளிச்சுத் திரியிறியள். பஸ் முதலாளி அன்ஸார் நானாவோட நான் கதைச்சிட்டன். செவ்வாய்க்கிழமைக்கு வேற ட்றைவர் போடுறாராம். உங்கள் ரெண்டு பேரிட்டையும் சேர்த்து வேலை செய்யிற கிட்னி ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் எங்கட அம்மா பெத்தது. ரெண்டையும் நானே கூட்டிக்கொண்டு போறன்.