துரைசாணி கேட்டது

காரைக்கால் மண்டியில் மூன்று மாதம் மூட்டை எண்ணிவிட்டு வந்தவர் சிவனணைந்தபெருமாள். பிரெஞ்சு பேசத் தென்காசிச் சீமையிலேயே தன்னைவிட்டால் ஆள் இல்லை என்பார். காப்பிக் கடையில் பேச்சு வந்தால் போதும். "அது மூக்கால பேசுத பாஷை அண்ணாச்சி. நமக்குத் தண்ணிபட்ட பாடு."

சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டதுதான் வினை. பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனுக்குக் கப்பலேறித் துபாஷி வேலை பார்ப்பதென்று தீர்மானித்தார். வழிச்செலவுக்கு, மாமனார் சீராக எழுதிக்கொடுத்த குத்துக்கல்வலசை வயலைக் கடற்கரை அண்ணாச்சிக்கு விற்பதாக முடிவாயிற்று. மனைவி பேச்சித்தாய் அழுதாள், பட்டினி கிடந்தாள். மனிதர் அசையவில்லை. மறுநாள் பத்திரம்.

பத்திரத்துக்கு முன்தினம் குற்றால அருவியில் தலைமுழுகுவது கடற்கரை அண்ணாச்சியின் வழக்கம். பெருமாளும் போனார். கூப்பிடாமலே பேச்சித்தாயும் வந்தாள்.

குளித்துத் திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டது. சாரலோடு மூடுபனியாய் மஞ்சும் இறங்கிற்று. பாழடைந்த பங்களாவின் பக்கம் வந்ததும் அருவிச் சத்தம்கூட அடங்கினாற்போல் இருந்தது. அங்கே ஒரு கல்லறை. பிரெஞ்சுத் துரைசாணி ஒருத்தியுடையது என்று ஊருக்குச் சொன்னவர் பெருமாள்தான்.

பேச்சித்தாய் அதனருகில் நின்றுவிட்டாள். கண் மேலே செருகிற்று. ஈரக்கூந்தல் முகத்தை மூட, மூக்கால் பேசினாள்.

"லூழ்... மொம்பே... ழாமுவா..."

அது அவள் குரலாகவே இல்லை.

கடற்கரை அண்ணாச்சி பெருமாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "துரைசாணில்லா வந்திருக்கா. என்னவே சொல்லுதா? கேளும்."

தெரியாதென்றால் சைகோனும் போச்சு, மானமும் போச்சு. குளிருகிறதாம் என்றார் பெருமாள். கடற்கரை தன் துண்டை வீசினார். அது திரும்பி வந்து அவர் முகத்திலேயே விழுந்தது. பசிக்கிறதாம் என்றார். அவள் நகத்தால் கல்லறையைப் பிறாண்டினாள். மஞ்சு அவளை மூடிக்கொண்டது. குரல் மட்டும் நெருங்கி வந்தது.

பெருமாளுக்கு மயிர்க்கால் குத்திட்டது. என்னதான் கேட்கிறாள்?

"வயலை..." என்று இழுத்தார்.

குரல் நின்றது.

"வயலை விக்கக் கூடாதாம்."

மஞ்சுக்குள் தலை ஒன்று மெல்ல ஆடிற்று.

"வாங்குதவன் குடும்பம்..." அவர் முடிக்கவில்லை. கடற்கரை அண்ணாச்சி சரிவில் பாதி தூரம் ஓடியிருந்தார்.

பேச்சித்தாய் கொண்டையை முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். ஊர் விளக்கு தெரிந்ததும் பெருமாள் அவளை எட்டிப் பிடித்தார்.

"ஏட்டி, நீ பிரெஞ்சு எங்கன படிச்ச?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க படிச்ச எடத்துலதான்."