பேட்டரிக்குக் குளிர் ஆகாது

மலை உச்சி வரை ஏறி, மலையைப் பார்க்காமலே இறங்கி வரும் ஓர் இனம் பெருகிக்கொண்டே வருகிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, கூட வந்தவர்களெல்லாம் பனிச்சிகரத்தை அண்ணாந்து பார்த்து வாயடைத்து நிற்கும்போது, இந்த ஆசாமி மட்டும் குனிந்து பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருப்பார். உள்ளே நான்கு விசிறிகளையும் மடக்கிக்கொண்டு ஒரு ட்ரோன் தொட்டில் குழந்தை மாதிரி படுத்திருக்கும். அது மேலே போன பிறகு சிகரத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கையிலிருக்கும் உள்ளங்கை அகலத் திரையில் தெரிவதுதான் மலை.

யார் எதைச் சொன்னாலும் ஒரே பதில். சாப்பாடு ஆறுகிறது என்றால், ஒரே நிமிஷம். வண்டி கிளம்புகிறது என்றால், ஒரே நிமிஷம். ட்ரோன் எவ்வளவு தூரம் போகும் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். ஒரு மணி நேரம்.

என் அக்காவின் கணவர், பல் டாக்டர், இந்த இனத்தில் முதல் ரகம். கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் என்று அக்காவை அழைத்துக்கொண்டு, பறவைகளே யோசித்து ஏறும் உயரத்துக்குப் போனார். குளிரில் பேட்டரி சீக்கிரம் உயிரை விட்டுவிடுமாம். அதனால் ஒன்றைத் தன் பனியனுக்குள் வைத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் அக்காவின் சால்வையை வாங்கிச் சுற்றி வைத்தார். அக்காவுக்கு? அவளுக்குத்தான் சார்ஜ் போட வேண்டியதில்லையே.

இதையெல்லாம் அவரே பெருமையாகச் சொன்னார், போன வாரம் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே. நோயாளியின் நாற்காலிக்கு எதிரே ஒரு டிவி மாட்டியிருக்கிறார். வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகுதான் அதில் மலை வீடியோவை ஓடவிடுவார். வந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்களாம். பிளக்காமல் என்ன செய்வார்கள்?

திரையில் மேகம் வந்தது, பள்ளத்தாக்கு வந்தது, பிறகு ஒரு பாறை மேல் நீலப் புள்ளி ஒன்று. கிட்டப் போகப் போக, அது என் அக்கா. சால்வை இல்லாமல் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் தலையைப் பிடித்தபடி மறு கையைத் தூக்கி ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

"டாட்டா காட்டுறா பாரு," என்றார் அத்தான். "நான் சொல்லவே இல்ல. எவ்ளோ இயல்பா வந்திருக்கு!"

அடுத்த கணம் அவள் அப்படியே பாறையில் சாய்ந்தாள். வண்டி டிரைவர் எங்கிருந்தோ ஓடி வந்தார். அவளைத் தூக்கி நிறுத்தி, தோளில் தாங்கிக் கீழே கூட்டிப் போனார். ட்ரோன் அவர்களையே தொடர்ந்தது, வளைவு வளைவாக, வெகு அழகாக. அந்த இடத்துக்குப் புல்லாங்குழல் வேறு சேர்த்திருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, அவள் விழுந்தாளே, ஓடிப்போய்ப் பார்த்தீரா என்று கத்தினேன். பஞ்சைத் தாண்டி "ஆ... ஆ..." என்றுதான் வந்தது. வலிக்கிறதென்று நினைத்து, ஒரே நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

கிளினிக்கில் சீட்டு எழுதுவது அக்காதான். அடுத்த நோயாளியின் சீட்டோடு வாசலில் வந்து நின்றிருந்தாள். டிவியைப் பார்த்தாள்.

"அது டாட்டா இல்லீங்க," என்றாள், மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. "மூச்சு விட முடியல. உங்களத்தான் கூப்பிட்டேன். வாயாலயும் கூப்பிட்டேன். ஒரே நிமிஷம்னீங்க."

அத்தான் கருவியைக் கீழே வைத்தார். டிவி ரிமோட்டை எடுத்து, வீடியோவைப் பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார். அக்கா நின்றதோ ஆறடி தள்ளி. அவளைத் திரையில்தான் பார்த்தார்.

மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் முடிவோடு வீட்டுக்கு வந்தேன். அன்று அந்தப் பாறையிலிருந்து அக்கா எனக்கும் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாட்சிக்கு ஆகுமே என்று போனில் தேடி எடுத்தேன். பளபளவென்று பனிச்சிகரம். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'தலை சுத்துது. பயமா இருக்கு. இவருக்கு நீ ஒரு போன் போட்டுச் சொல்லேன்.'

அதற்கும் கீழே, நான் போட்டிருந்த கட்டைவிரல்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரம் உங்களுக்கு வந்த படங்களுக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரே நிமிஷம்தான் ஆகும்.